விறகுக் கட்டும் வெள்ளைப் பாஷாணமும்!

தமிழ் சினிமாவில் பிளட் கான்சர் எப்படி வரும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஹீரோ லேசாக இருமுவார். வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைப்பார். கைக்குட்டையில் சிவப்பாய் ஒரு பொட்டு! வயலின்கள் அழும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார். அப்புறம் ஒரு சோகப் பாட்டு, ஒரு தியாகம், ‘வணக்கம்’.

நிஜத்தில் அது இருமிக்கொண்டு வருவதில்லை. குழந்தைகளுக்கு வரும்போது சில சமயம் டூத் பேஸ்ட் நுரையில் வருகிறது.

சிதம்பரம் பக்கம் ஏதோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயசுப் பையன். காலையில் பல் தேய்த்துத் துப்புகிறான்.

“ஆயா, இங்க பாரேன்... எச்சி செவப்பா வருது!”

“வெயில்ல சுத்தாதேன்னா கேக்கறியா? எல்லாம் ஒடம்புச் சூடு. ரெண்டு எளநி குடிச்சா சரியாப் போயிடும்.”

இளநீர் குடிக்கிறான். இரண்டு நாள் கழித்து அம்மா குளிப்பாட்டும்போது பார்த்தால் தொடையில், முதுகில் நீலம் நீலமாகத் திட்டு.

“பள்ளிக்கூடத்துல யார்கிட்டடா அடி வாங்கினே?”

“யாரும் அடிக்கலம்மா.”

அம்மா நம்பவில்லை. ஆனால் பையன் சொல்வது சத்தியம். யாரும் அடிக்கவில்லை. உள்ளே ரத்தம்தான் தானாகக் கசிந்திருக்கிறது.

ஒரு நிமிஷம்! ஈறில் ரத்தம் வந்த குழந்தைக்கெல்லாம் ரத்தப் புற்றுநோய் என்று பயமுறுத்த இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அது ஈறு வீக்கம், பிரஷ் கீறல், விளையாட்டில் விழுந்த அடி என்றுதான் இருக்கும். மிச்சமிருக்கும் அபூர்வமான ஒருவனைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அவன் விஷயத்தில் நாள் கணக்குக் கிடையாது, மணிக் கணக்குதான். ஏன் என்று தெரிந்துகொள்ள ரத்தத்தின் ஒரு விசித்திரமான குணத்தைப் பார்க்க வேண்டும்.

மணல் மூட்டை தீர்ந்த கதை

நம் உடம்பில் ரத்தக் குழாய் எங்காவது கிழிந்தால் அடைப்பதற்கு இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று, பிளேட்லெட் என்கிற தட்டணு. டெங்கு புண்ணியத்தில் இன்றைக்குப் பெட்டிக்கடைக்காரர்வரை தெரிந்த வார்த்தை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஊசி முனைத் துளியில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்வரை இருக்கும். இன்னொன்று, ரத்தத்தில் கரைந்திருக்கும் உறைபொருட்கள். அவற்றில் முக்கியமான ஆசாமி ஃபைப்ரினோஜன். 100 மில்லி ரத்த நீரில் 200-லிருந்து 400 மில்லிகிராம் இருக்கும். தட்டணு போய் ஓட்டையில் உட்காரும். ஃபைப்ரினோஜன் அதன்மேல் வலை பின்னி இறுக்கிக் கட்டும். ரத்தம் நிற்கும். ஆச்சா?

இப்போது நம்ம ஊர்க் கதை. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு வெள்ளம் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2015 நவம்பரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிக்கரை உடைப்பெடுத்தால் என்ன செய்வார்கள்? மணல் மூட்டை அடுக்குவார்கள். அதற்காகவே மூட்டைகளைத் தயாராகக் கட்டி வைத்திருப்பார்கள்.

ஒரு கற்பனை. மழை கொட்டுகிற ராத்திரி. யாரோ ஒரு புரளிக்காரன் ஊர் ஊராக சைக்கிளில் போய், “வாய்க்கால் உடைஞ்சிடுச்சி! வாய்க்கால் உடைஞ்சிடுச்சி!” என்று கத்துகிறான். எங்கேயும் உடையவில்லை. ஆனால் ஜனங்கள் அலறியடித்து எழுந்து ஆயிரம் சின்ன வாய்க்கால்களில் ஆளுக்கு நாலு மூட்டையைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள். விளைவு இரண்டு. முதலாவது, அடைபட்ட வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் போகாது. இரண்டாவது, விடியற்காலையில் நிஜமாகவே ஏரிக்கரை உடைகிறது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஸ்டாக்கில் ஒரு மூட்டைகூட இல்லை!

இதேதான் உடம்பிலும். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாத மெல்லிய ரத்தக் குழாய்களில் தேவையே இல்லாமல் ரத்தம் உறைய ஆரம்பிக்கிறது. ஒன்றிரண்டு இடத்தில் அல்ல, உடம்பு முழுக்க. சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று ‘வயல்’களுக்குப் பாசனம் குறைகிறது. இந்தப் பக்கம் தட்டணுவும் ஃபைப்ரினோஜனும் செலவாகித் தீர்ந்து போகின்றன. அப்புறம் ஈறில் கசிந்தால் நிற்காது. மூக்கில் வந்தால் நிற்காது. ஊசி போட்ட இடத்தில்கூட நிற்காது.

ரத்தம் அளவுக்கு மீறி உறைவதால்தான் ரத்தம் நிற்காமல் ஓடுகிறது! கேட்கத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் அதுதான் விஷயம். டாக்டர்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்து, சுருக்கமாக ‘டி.ஐ.சி.’ என்பார்கள்.

வயல்காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. கண்ணாடி விரியன் கடித்தால் என்ன ஆகிறது? ஈறில் ரத்தம், சிறுநீரில் ரத்தம். அதன் விஷமும் இதே புரளிக்காரன் வேலையைத்தான் செய்கிறது. உறைபொருட்களைத் தூண்டித் தூண்டியே தீர்த்துவிடுகிறது. அதனால்தான் பாம்புக்கடி கேஸ் வந்ததும் ஆஸ்பத்திரியில் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்க்கிறார்கள்.

சரி, நம்ம சிதம்பரத்துப் பையனை எந்தப் பாம்பும் கடிக்கவில்லையே? புரளிக்காரன் யார்?

வளராத பிள்ளை

எலும்பு மஜ்ஜை என்பது ரத்த அணுக்களின் பள்ளிக்கூடம். வெள்ளை அணுக்கள் அங்கே எல்.கே.ஜி.யில் சேர்ந்து, வகுப்பு வகுப்பாகப் பாஸாகி, முழுசாக வளர்ந்தபின் ரத்தத்துக்கு வேலைக்குப் போகும். ரத்தப் புற்றுநோயில் ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் ஃபெயிலாகி அங்கேயே தங்கிவிடுகிறார்கள். தங்குவதோடு போகாமல் பெருகவும் செய்கிறார்கள்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் ஏறக்குறைய முக்கால்வாசி ‘ஏ.எல்.எல்.’ என்கிற வகை. நாம் பேசுகிற பையனுக்கு வந்திருப்பது அது இல்லை. ‘அக்யூட் புரோமைலோசைட்டிக் லுகீமியா’, சுருக்கமாக ஏ.பி.எல். குழந்தைகளிடம் அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் புயல் வேகம்.

இந்த வகையில் பெருகும் அணுக்களின் வயிற்றில் மருந்துக்கடை போலக் குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். அணுவின் மேலும் உள்ளும் ‘உடைந்தது, உறை!’ என்று கட்டளை போடும் சரக்கு. அதுதான் புரளி. அது மட்டுமல்ல. ஏற்கெனவே சரியான இடத்தில் அடுக்கிய மணல் மூட்டையையும் கத்தியால் கிழிக்கிற இன்னொரு கும்பல் கூடவே இருக்கிறது. உறைந்த ரத்தத்தைக் கரைக்கிற வேலையையும் இந்த அணுக்களே முடுக்கிவிடுகின்றன. ஒரு பக்கம் வீண் செலவு, இன்னொரு பக்கம் சேதாரம். எந்த கம்பெனி தாங்கும்?

1957-ல் நார்வே டாக்டர் லெய்ஃப் ஹில்லெஸ்டாட் இந்த வகையைத் தனி நோயாக முதன்முதலில் விவரித்தார். அவர் எழுதியது மூன்றே மூன்று நோயாளிகளைப் பற்றி. மூன்று பேருக்கும் ரத்தக்கசிவு. சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. ரத்தப் புற்றுகளிலேயே மிக வேகமாகக் கொல்வது என்ற பெயர் அதற்கு அப்போதே வந்துவிட்டது.

1973-ல் பாரிஸில் ழான் பெர்னார் குழுவினர் டானோரூபிசின் என்ற மருந்து ஓரளவு கேட்பதைக் காட்டினார்கள். 1977-ல் சிகாகோவின் ஜேனட் ரௌலி குழு, இந்த அணுக்களில் 15-ஆம் குரோமோசோமும் 17-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்வதைக் கண்டுபிடித்தது. பண்டமாற்று மாதிரி! அந்தத் துண்டு மாற்றத்தால்தான் பிள்ளைகள் ஃபெயிலாகிறார்கள் என்று பின்னால் தெரிந்தது.

“ரத்தம் உறையறதுதானே பிரச்னை? உறையாம இருக்க ஹெப்பாரின் மருந்து குடுத்துட்டா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் டாக்டர்களும் அதையே யோசித்து ஹெப்பாரின் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிதாகப் பலன் இல்லை. மூட்டை அடுக்குவதைத் தடுத்து என்ன பிரயோஜனம்? புரளிக்காரனைப் பிடிக்க வேண்டும். அவனைப் பிடித்த கதை சீனாவில் நடந்தது.

பருவுக்குப் போடுகிற மருந்து

ஷாங்காய். 1985. ஐந்து வயதுச் சிறுமி. இதே ஏ.பி.எல். ரத்தக்கசிவு, காய்ச்சல். கொடுத்த மருந்துகள் கேட்கவில்லை. வாங் ஜென்யி என்ற டாக்டர் ஒரு வித்தியாசமான யோசனை வைத்திருந்தார்.

எல்லோரும் புற்று அணுவைக் கொல்லத்தான் வழி தேடுவார்கள். வாங் வேறு மாதிரி யோசித்தார். ஃபெயிலான பிள்ளையை ஏன் அடிக்க வேண்டும்? பாஸ் போட்டு மேல் வகுப்புக்கு அனுப்பினால் என்ன? அணு முழுசாக வளர்ந்துவிட்டால் தன் வேலையைச் செய்துவிட்டுத் தன் ஆயுள் முடிந்து தானே சாகும். அப்படி வளர வைக்க அவர் தேர்ந்தெடுத்தது வைட்டமின் ஏ-யின் சொந்தக்காரனான ‘ஆட்ரா’ என்ற மருந்து.

இளைஞர்களே, அந்த மருந்தை நீங்கள் முகத்திலேயே தடவியிருக்கலாம்! ‘ட்ரெட்டினாயின்’ என்ற பெயரில் முகப்பரு களிம்பாக மருந்துக்கடையில் கிடைக்கிறதே, அதே மூலப்பொருள்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகும் முன் பரு மறைய நாம் தடவியதை, வாங் ஒரு குழந்தைக்கு உள்ளுக்குக் கொடுத்தார்.

சிறுமி தேறினாள். சில வாரங்களில் ரத்தத்தில் புற்று அணு தென்படவில்லை. 1988-ல் வாங் குழுவினர் 24 நோயாளிகளின் விவரத்தை அமெரிக்காவின் ‘பிளட்’ என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 24 பேருக்கும் நோய் பின்வாங்கியிருந்தது. அதைவிட டாக்டர்களை அசத்தியது, ரத்தக்கசிவு குறைந்த விதம். மருந்து ஆரம்பித்த சில நாட்களிலேயே உறைதல் கோளாறு தணிய ஆரம்பித்தது. புரளிக்காரன் பெரிய மனுஷனாகிப் புரளியை விட்டுவிட்டான்!

பாஷாணம் வருகிறது

மாத நாவல்களில் ஜமீன்தாரின் பாலில் எதைக் கலப்பார்கள்? பாஷாணம்! எலிக்கு வைப்பதும் அதுவே. சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம் என்கிறார்களே, அது ஆர்சனிக்கின் ஆக்ஸைடு. ‘ஆர்சனிக் ட்ரைஆக்ஸைடு’ என்று ரசாயனப் பெயர். மனோசிலை, அரிதாரம் எல்லாம் இதே ஆர்சனிக் குடும்பத்தின் பங்காளிகள்.

நம் சித்தர்களைப் போலவே சீன நாட்டு வைத்தியர்களும் ஆர்சனிக்கைக் கையாண்டவர்கள். 1970-களில் வட சீனாவின் ஹார்பின் நகரத்தில் ஜாங் டிங்டாங் என்ற டாக்டர், நாட்டு வைத்தியச் சரக்கிலிருந்து ஆர்சனிக்கைப் பிரித்து ஊசி மருந்தாக்கி ரத்தப் புற்றுக்குக் கொடுத்தார். மற்ற வகைகளைவிட ஏ.பி.எல். அபாரமாகக் கேட்டது. 1997-ல் ஷாங்காய் குழு, நோய் திரும்ப வந்தவர்களுக்கும் இது கேட்கிறது என்று எழுதியது. 2000-ல் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகமே அனுமதி கொடுத்தது. ஜமீன்தாரைக் கொன்ற சரக்கு ஆஸ்பத்திரிக்குள் மரியாதையாக நுழைந்தது.

இங்கேதான் நம்ம ஊர் வருகிறது.

உலகம் முழுக்க ஆர்சனிக்கை இரண்டாவது வாய்ப்பாக, மற்ற மருந்து தோற்றபின் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் மேமன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் முதலான ரத்த நோய் டாக்டர்களுக்கு ஒரு நடைமுறைப் பிரச்னை. ஆட்ராவும் கீமோதெரபியும் சேர்த்துக் கொடுக்க ஆகும் செலவை அவர்களிடம் வருகிற குடும்பங்கள் பல தாங்காது. கீமோ கொடுத்தால் தொற்று வரும், அதற்கு ஆன்டிபயாடிக், ரத்தம் ஏற்றுவது, வார்டு வாடகை என்று பில் ஏறிக்கொண்டே போகும்.

1998-லிருந்து அவர்கள் புதிதாக வந்த நோயாளிகளுக்கே ஆர்சனிக்கை முதல் மருந்தாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை மட்டுமே பிரதான மருந்தாக வைத்து! 2004 முடிய 72 பேர். 2006-ல் அதே ‘பிளட்’ இதழில் முடிவு வெளியானது. 100-க்கு 86 பேருக்கு நோய் முழுசாகப் பின்வாங்கியது. மூன்று வருஷக் கணக்கில் உயிரோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே 86 சதவிகிதம். குழந்தைகளுக்குக் கொடுத்த அனுபவத்தை 2004-லேயே தனியாக எழுதியிருந்தார்கள். செலவைக் குறைக்கப் போட்ட கணக்கு, வைத்தியத்துக்கே புது வழியாகிவிட்டது.

2013-ல் இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ லோ-கோகோ குழு, பருக் களிம்பு மருந்தையும் பாஷாணத்தையும் ஜோடி சேர்த்தது. கடுமை குறைந்த ஏ.பி.எல். வந்த பெரியவர்களுக்கு, கீமோதெரபியே இல்லாமல்! இரண்டு வருஷத்தில் நோய் தொந்தரவு இல்லாதவர்கள் 97 சதவிகிதம். பிறகு குழந்தைகளுக்கும் இந்த ஜோடி பிரமாதமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. ரத்தப் புற்றுகளில் மிக வேகமாகக் கொன்றது எதுவோ, அதுவே இன்று மிகச் சுலபமாகக் குணமாகிறவற்றில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. “அப்ப நாட்டு மருந்துக்கடைல பாஷாணம் வாங்கி...” என்று யாராவது ஆரம்பித்தால் வாயை மூடுங்கள். ஆஸ்பத்திரியில் மில்லிகிராம் கணக்கில் அளந்து, அடிக்கடி ஈ.சி.ஜி. பார்த்து, ரத்தத்தில் உப்புச்சத்து பார்த்துக் கொடுக்கிற மருந்து அது. அப்படியும் சிலருக்கு மருந்து ஆரம்பித்த நாட்களில் மூச்சுத் திணறல், உடம்பில் நீர் கோப்பது என்று ஆபத்தான விளைவுகள் வரும். உடனே கவனிக்க ஆள் வேண்டும். வீட்டில் சாப்பிட்டால் ஜமீன்தார் கதிதான்.

முதல் கண்டம்

இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் இன்றைக்கும் ஏ.பி.எல்.லில் இறப்பு இருக்கிறது. எப்போது? பெரும்பாலும் முதல் மாதத்துக்குள். அதிலும் ஆரம்ப நாட்களில். சிலர் மருந்து ஆரம்பிப்பதற்கு முன்பே. காரணம் பெரும்பாலும் மூளையிலோ நுரையீரலிலோ ரத்தக்கசிவு. அதாவது, உயிரை எடுப்பது புற்று என்பதைவிட தீர்ந்துபோன அந்த மணல் மூட்டை. இந்தக் கண்டத்தைத் தாண்டிய குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோரும் பிழைத்து, பள்ளிக்கூடம் போய், கணக்குப் பாடத்துக்குப் பயந்து, சராசரி வாழ்க்கை வாழலாம்.

ஆகவே, நேரம். அது எங்கெல்லாம் தொலைகிறது என்று பாருங்கள்.

‘உடம்புச் சூடு’ என்று இரண்டு நாள். மழைக்காலமானால் “காய்ச்சல், தட்டணு கம்மி... டெங்குவா இருக்கும்” என்று பப்பாளி இலைச் சாற்றோடு மூன்று நாள். டெங்குவிலும் தட்டணு குறையும் என்பதால் குழப்பம் வருவது சகஜம். இன்னொரு பொறி இருக்கிறது. பிளட் கான்சர் என்றால் வெள்ளை அணு எக்கச்சக்கமாக ஏறியிருக்கும் என்பது பொது நம்பிக்கை. ஏ.பி.எல்.லில் பல சமயம் வெள்ளை அணு குறைவாகவே இருக்கும்! ரிப்போர்ட்டைப் பார்த்து “கான்சர் இல்லப்பா, கவுன்ட் கம்மிதான்” என்று பக்கத்து வீட்டு நிபுணர் தைரியம் சொல்லிவிடுவார்.

இதை உடைக்கக் கோடி ரூபாய் மெஷின் தேவையில்லை. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் அனுபவசாலி ஒருவர் பார்க்க வேண்டும். ‘ஸ்மியர்’ என்பார்கள். ஏ.பி.எல். அணுக்களுக்குள் மெல்லிய குச்சிகள் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். பார்க்க அசல் விறகுக் கட்டு! வெள்ளைக்கார டாக்டர்கள் அந்த அணுவுக்கு வைத்த பெயருக்கும் அர்த்தம் அதுதான். விறகுக் கட்டைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கூடவே ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பார்க்கிற மாதிரி சில பரிசோதனைகள். தட்டணு எவ்வளவு, ஃபைப்ரினோஜன் எவ்வளவு, ரத்தம் உறைய எத்தனை விநாடி என்று. ‘டி-டைமர்’ என்று ஒன்று எழுதியிருப்பார்கள். அது கிழிந்த மூட்டைகளின் சாக்குத் துண்டு எண்ணிக்கை. எவ்வளவு அதிகமோ அவ்வளவு வலை வீணாகப் பின்னிக் கிழிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

சந்தேகம் வந்த உடனேயே, குரோமோசோம் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல், ஆட்ராவை ஆரம்பித்துவிட வேண்டும் என்பது இன்று உலகம் முழுக்க ரத்த நோய் டாக்டர்கள் ஒத்துக்கொண்ட விதி. ரிப்போர்ட் வந்து வேறு நோய் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்திக்கொள்ளலாம். கூடவே தட்டணுவையும் ஃபைப்ரினோஜனையும் ஏற்றி ஏற்றி, மருந்து வேலை செய்கிறவரை ஸ்டாக்கைக் காலியாகாமல் காப்பாற்றுவார்கள்.

சாதா வகையிலும் ஒரு சங்கதி

முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகையில் ஆரம்பத்தில் இந்த அளவு உறைதல் கலாட்டா கிடையாது. ஆனால் அங்கே வேறு ரூபத்தில் வருகிறது. மருந்தின் வழியாக!

‘ஆஸ்பராஜினேஸ்’ என்று ஒரு ஊசி. புற்று அணுவுக்குத் தேவையான ஒரு சத்தை ரத்தத்திலிருந்து காலி செய்து, அதைப் பட்டினி போட்டுக் கொல்கிறது. அருமையான மருந்து. வசதியான நாடுகளில் ஏ.எல்.எல். குழந்தைகளில் 90 சதவிகிதத்தை ஒட்டிக் குணமாவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது கல்லீரலின் உற்பத்தியையும் குறைக்கிறது. உறைபொருட்களும் குறையும், உறையாமல் தடுக்கிற பொருட்களும் குறையும். பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் ஒரே சமயத்தில் தளர்ந்த பஸ் மாதிரி. நூறு குழந்தைகளில் ஐந்து பேர் அளவுக்கு எங்காவது ரத்தக்கட்டு உண்டாகிறது. சிலருக்கு மூளையின் ரத்தக் குழாயில்.

ஆகவே இந்த ஊசி நடக்கிற காலத்தில் குழந்தைக்கு விடாத தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்வது, கை வீங்குவது என்று எது வந்தாலும் “கீமோன்னா அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே வார்டுக்கு போன் போட வேண்டும்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

ஆபீஸ் போகிறவர்கள் லிஸ்ட் போட்டால்தான் படிப்பார்கள். எனவே லிஸ்ட்.

1. அடிபடாமல் உடம்பில் நீலத் திட்டுகள்; தோலில் ஊசி குத்திய மாதிரி சிவப்புப் புள்ளிகள்; நிற்காத மூக்கு ரத்தம், ஈறு ரத்தம்; கூடவே வெளிறிய முகம், காய்ச்சல், சோர்வு. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் அன்றைக்கே டாக்டர். நாளைக்கு என்பது கிடையாது.

2. முழு ரத்தப் பரிசோதனையோடு, “ஸ்மியரும் பாத்துடுங்க டாக்டர்” என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. எந்த டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

3. காய்ச்சலுக்கும் வலிக்கும் ஆஸ்பிரின், புரூஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அவை தட்டணுவின் கையைக் கட்டிப் போடும். காரணம் தெரியாமல் இடுப்பில் ஊசி போடச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள்.

4. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொன்னால், நல்ல நாள், ராகு காலம் பார்க்காமல் கிளம்புங்கள். அண்ணாமலை நகரில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது, இப்போது அரசு மருத்துவக் கல்லூரி. கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு பஸ்ஸிலேயே ஒரு மணி நேரப் பயணம். சிதம்பரத்திலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். வேலூர் சி.எம்.சி.யும், 1954-லிருந்து இயங்கும் அடையாறு கான்சர் இன்ஸ்டிட்யூட்டும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. ரத்தம் கசிகிற குழந்தையைக் கூட்ட பஸ்ஸில் நிற்க வைத்து அழைத்துப் போகாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

5. பணத்துக்காக நாளைத் தள்ளாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டாலும் முதலில் குழந்தை போகட்டும், அட்டை பின்னால் வரட்டும்.

கடைசியாக ஒன்று. இது குழந்தை உள்ள அப்பாக்களுக்கு மட்டுமல்ல, சாயங்காலம் டீக்கடையில் கிரிக்கெட் ஸ்கோர் பேசும் கல்யாணமாகாத தம்பிகளுக்கும்.

தட்டணு என்பது பொங்கலுக்கு அரிசி வாங்கி வைப்பது மாதிரி மாதக் கணக்கில் ஸ்டாக் வைக்கிற சரக்கல்ல. ரத்த வங்கியில் அதன் ஆயுள் ஐந்தே நாள். அதுவும் ஃபிரிஜ்ஜில் வைக்காமல், சாதாரண அறைக் குளிர்ச்சியில், ஒரு மெஷின் விடாமல் தாலாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திங்கட்கிழமை நீங்கள் கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை உதவாது. அதனால் எங்காவது ஒரு ஏ.பி.எல். குழந்தை அட்மிட் ஆகிற அன்றைக்கு, அந்த வாரத்தில் யாரோ கொடுத்திருந்தால்தான் உண்டு.

மெஷின் மூலம் தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்ச ரத்தத்தை நமக்கே திருப்பி ஏற்றும் வசதி பெரிய ரத்த வங்கிகளில் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், அதாவது ஒரு படத்தின் இடைவேளைவரை. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், எடை போதுமானதாக இருக்க வேண்டும், முந்தின மூன்று நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. மற்றதை ரத்த வங்கியில் பரிசோதித்துச் சொல்வார்கள். சாதாரண ரத்ததானம் என்றால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம்.

ஷாங்காய் டாக்டர் மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். வேலூர் டாக்டர்கள் அதன் ஜோடி மருந்தை நம் ஜனங்களுக்குக் கட்டுப்படியாக்கிக் காட்டிவிட்டார்கள். ஆனால் மருந்து வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை அந்த முதல் சில நாட்களுக்குக் கரை தாங்க வேண்டும். அதற்கு வேண்டிய மணல் மூட்டை எந்த கம்பெனியும் தயாரிப்பதில்லை. உங்கள் கையில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த சனிக்கிழமை அரை நாள் லீவு இருந்தால், பக்கத்து ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டுப் பெயரைப் பதிவு செய்துவிட்டு வாருங்கள்.